பதினோராம் கட்டிலின் குழாய்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஆரப்பாளையத்தில் நான் தொடர்கதை எழுதுவதற்காக ரூம் போடும் லாட்ஜுக்குக் கீழே ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. அவர் பெயர் சுருளி. மதுரையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். எந்த ஆஸ்பத்திரி என்று தேடிக் கிளம்ப வேண்டாம். ஊரில் இல்லாத ஆஸ்பத்திரி ஒன்றை நானாகக் கட்டி, அதில்தான் எல்லோரையும் சேர்த்திருக்கிறேன்.

"கொலை, கடத்தல்னே எழுதுறீகளே அண்ணே," என்றார் சுருளி. "எங்க வார்டுல மூத்திரத்துல கோல்மால் நடந்துச்சு. அத எழுதுங்க பாப்பம்."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். அதன் நிறம் அந்த நேரத்துக்குச் சரியாக இல்லை.

இருபது நிமிஷம் சொன்னார். பாதியை நான் நம்பவில்லை. காரணம் சாதாரணமானது: அவர் சொன்ன கதையில் தப்பே செய்யாத ஒரே ஆள் அவர்தான். வாரா வாரம் ஒரு குற்றவாளியைத் தயார் செய்து அனுப்புகிறவனுக்கு இந்த வாசனை நன்றாகத் தெரியும். ஆகவே நான் சந்தேகத்தோடு எழுதுகிறேன். நீங்களும் அப்படியே படியுங்கள். என்னையும் சேர்த்துத்தான்.

2

முதல் வரி மூன்று எழுதினேன்.

'வீல்' என்ற அலறல் வார்டின் அமைதியைக் கிழித்

(அடித்துவிட்டேன். அந்த வார்டில் யாரும் அலறுவதில்லை. சிறுநீரக வியாதி வந்த பிள்ளைகள் ஊதிப்போய், கண் இடுங்கி, சும்மா உட்கார்ந்திருக்கும். அதுதான் பயமாக இருக்கும் என்றார் சுருளி.)

டாக்டர் ஸ்யாமளாவின் சுருண்ட கூந்தல்

(இதுவும் போச்சு. ஓவியருக்கு வேலை வைப்பதற்காக எழுதும் வரி.)

அந்தப் புதன்கிழமை காலை டாக்டர் ஸ்யாமளா தராசை நம்பவில்லை.

இது நிற்கட்டும். ஆனால் தராசுக்கு வருவதற்குள் அவள் யார், அங்கே என்ன செய்கிறாள் என்று சொல்லியாக வேண்டும். தொடர்கதையானால் இதை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளியிருப்பேன்.

1983. குழந்தை மருத்துவம் முழுசாகப் படித்து முடித்தவள் ஸ்யாமளா. அதற்கும் மேலே, குழந்தைகளின் சிறுநீரகத்துக்கென்றே தனியாக இரண்டு வருஷப் பயிற்சி. ஃபெலோஷிப் என்பார்கள். முதல் வருஷத்தில் இரண்டு பேர். இரண்டாம் வருஷத்துக்கு ஒருவர்தான். யார் என்று தீர்மானிப்பவர் சீஃப், டாக்டர் ஹாலாஸ்யம். ஸ்யாமளாவோடு இருந்த இன்னொருவர் டாக்டர் பட்டாபிராமன். இருவரும் ஒரே கேன்டீனில் ஒரே நேரத்தில் காபி குடிப்பார்கள், வேறு வேறு மேஜையில்.

சீஃப் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தினமும் காலையில் வார்டின் மூத்திரக் குழாய்களைச் சுட்டுப் பார்த்து எழுதும் நோட்டு ஸ்யாமளாவிடம். பிள்ளைகளை நிறுத்து எழுதும் எடை நோட்டு பட்டாபிராமனிடம். புதன்கிழமை ரவுண்ட்ஸில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் வாசிப்பார். நல்ல ஏற்பாடு. ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் போட்டி போடும் இடத்தில் அது என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. ஆளுக்கொரு பீரோவில் ஆளுக்கொரு நோட்டைப் பூட்டி வைத்தார்கள். சீஃப் வெளியூருக்குப் பரீட்சை நடத்தப் போய், நாலு புதன்கிழமை ரவுண்ட்ஸே நடக்கவில்லை. ஒருவர் நோட்டை மற்றவர் நாலு வாரமாகப் பார்க்கவில்லை.

(இந்த நாலு புதன்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். கதையில் நடந்த உண்மையான குற்றம் இதுதானோ என்று எனக்கு ஒரு நினைப்பு.)

குழாய் சுடுவது என்றால் என்ன? தாய் எனாமல் கப்பில் பிள்ளையின் மூத்திரத்தைப் பிடித்துத் தருவாள். சுருளி அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கட்டில் நம்பர் ஒட்டி, வரிசையாக நிறுத்துவார். ஸ்யாமளா ஒவ்வொன்றாக ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டி, இரண்டு சொட்டு அமிலம் விடுவாள். உடம்பில் தங்க வேண்டிய சத்து சிறுநீரகம் வழியாக ஒழுகுகிறது என்றால் குழாய் வெளுக்கும். லேசாக வெளுத்தால் ஒரு பிளஸ். தயிராக உறைந்தால் நாலு பிளஸ். தண்ணீர் போல நின்றால், பிள்ளை தப்பித்தது.

பதினோராம் கட்டிலில் சோலை. ஆறு வயசு. உசிலம்பட்டிக்கு அப்பால் எழுமலை ஊர்ப் பிள்ளை. கூட இருப்பவள் தாய் அன்னக்கொடி. ஜூலை 21-இல் மூன்றாம் தடவையாகச் சேர்ந்தது. முப்பத்தைந்து நாளாகத் தினம் ஸ்டீராய்டு மாத்திரை. குழாய் அன்றைக்கும் நாலு பிளஸ்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை ஊருக்குத் திரும்பிய சீஃப், வார்டு வாசலில் நின்றபடியே குழாய் நோட்டை மட்டும் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். சோலையின் முகம் உருண்டையாக இருந்தது.

"முன்னாடி ரெண்டு தடவை மாத்திரைக்குக் கேட்ட கிட்னி, இப்போ கேக்கலைன்னா உள்ளே ஏதோ மாறியிருக்கு. ஒரு துணுக்கு சதை எடுத்துப் பார்த்துடுவோம். வியாழக்கிழமை ஒன்பது மணி." பிறகு, போகிற போக்கில்: "ஊசி நீயே போடு, ஸ்யாமளா."

முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு விரல் நீள ஊசி. ரத்தம் கசிந்தால் நிறுத்துவது கஷ்டம். அதற்கப்புறம் இன்னும் கடுமையான மருந்து. முடி கொட்டும், பெரியவளானால் பிள்ளை பெறுவதற்கே சந்தேகம் வரலாம். இது சோலைக்கு. ஸ்யாமளாவுக்கோ, தன் கையால் எடுக்கும் முதல் துணுக்கு. இரண்டாம் வருஷ சீட்டில் பாதி உட்கார்ந்த மாதிரி.

3

மயக்க மருந்தை எடைக்குத் தகுந்தபடி போட வேண்டும். ஆகவே புதன்கிழமை காலை, வேறு வழியில்லாமல், ஸ்யாமளா கேன்டீனில் அந்த மற்ற மேஜைக்குப் போனாள்.

"பதினொண்ணு என்ன எடை?"

"பதினாறு கிலோ," என்றான் பட்டாபிராமன், காபியிலிருந்து தலை தூக்காமல்.

"சேர்ந்தப்போ இருபத்தொண்ணரை."

"சேர்ந்தப்போ. இப்போ பதினாறு. இருபத்தொண்ணரைக்கு மருந்து போட்டேள்னா கொழந்தை எழுந்துக்கறதுக்கு வெள்ளிக்கிழமை ஆயிடும். உங்க இஷ்டம், டாக்டர்."

அவள் மனசு உடனே கணக்குப் போட்டது. எடையைக் குறைத்துச் சொல்கிறான். மருந்து குறையும். ஊசி உள்ளே இருக்கும்போது பிள்ளை திமிறும். சீஃப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அழகான வேலை.

(இப்படியே ஒரு அத்தியாயத்தை முடித்து ஏழு நாள் உங்களைக் காக்க வைத்திருக்கலாம். மேலே போவோம்.)

தானே சோலையைத் தூக்கித் தராசில் நிறுத்தினாள். பதினாறு. தராசையே திருகி வைத்திருப்பானோ? சமையல்கட்டிலிருந்து ஐந்து கிலோ படிக்கல்லை வாங்கிவரச் சொல்லி வைத்துப் பார்த்தாள். முள் ஐந்தில் நின்றது.

"கல்ல எதுக்கு டாக்டரம்மா அட்மிட் பண்றீக?" என்றார் சுருளி.

அவள் சோலையின் காலை மடியில் வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். நீர் கோத்த காலில் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். இந்தக் காலில் பள்ளம் விழவில்லை. வயிறு ஒட்டியிருந்தது. முகம் மட்டும்தான் உருண்டை, அதுவும் வியாதியின் உருண்டை இல்லை. மாத்திரை தின்ற உருண்டை. ஐந்தரைக் கிலோ நீர் இறங்கிப்போயிருக்கிறது. எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளும்தான்.

நீர் இறங்கிய பிள்ளைக்குக் குழாய் எப்படி வெளுக்கும்?

திரும்பிப் போய்ப் பட்டாபிராமன் முன்னால் நின்றாள். "உங்க நோட்டைக் காட்டுங்கோ."

"உங்களோடதைக் கொண்டு வாங்கோ."

இரண்டு நோட்டும் மேஜைக்கு வந்தன. திறந்த பிறகும் அவரவர் நோட்டின் மேல் அவரவர் கை இருந்தது. ஜூலை 28-இல் எடை இறங்க ஆரம்பித்திருந்தது. ஆகஸ்டு 1-இல் பதினாறு. அதற்கப்புறம் அசையவில்லை. பக்கத்து நோட்டில் நாலு பிளஸ், நாலு பிளஸ், நாலு பிளஸ். அவள் கையெழுத்து.

"ஆகஸ்டு ஒண்ணாம் தேதியே உங்களுக்குத் தோணலையா?"

"தோணித்து. உங்க நோட்டு உங்க பீரோவுக்குள்ளன்னா இருந்தது." காபியை ஒரு வாய் குடித்தான். "நானும் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. தெளிஞ்ச கொழந்தைக்கு யாராவது ஊசி போடுவாளா? வெளுத்தாத்தானே ஊசி?"

சொல்லிவிட்டு நோட்டை மூடினான். இப்போது அவன் அவளைச் சந்தேகப்பட்டான்.

4

இந்த இடத்தில் வழக்கமாக எழுந்து, ஜன்னல் ஓரம் நின்று, சந்தேகப் பட்டியல் போடுவேன். ஸ்யாமளாவும் போட்டாள்.

பட்டாபிராமன். குழாய் அறையின் இன்னொரு சாவி அவனிடம். அவள் நோட்டு பொய் என்று ஊசி முனையில் வைத்துக் காட்டினால், சீட்டு அவனுக்கு.

சீஃப். அவர் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்குப் பத்துச் சிறுநீரகத் துணுக்கு வேண்டும். கையில் ஒன்பதுதான் இருந்தது. (இதை எழுதும்போது பேனா தானாக ஓடியது. பெரிய மனிதர்களைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. அதனாலேயே இந்த வரியை நம்பாதீர்கள்.)

சுருளி. கப்பிலிருந்து குழாய்க்கு ஊற்றுகிற கை. நம்பர் மாற்றி ஒட்டியிருந்தால்?

இதைச் சுருளியிடமே கேட்டுவிட்டேன், டீக்கடையில்.

"தெனம் முப்பது குழாய் ஊத்துறேன் அண்ணே. ஒவ்வொன்னையும் உத்துப் பாத்தா நான் டாக்டராயிருவேன்ல. பாக்காததுனாலதேன் இன்னும் அட்டெண்டரா இருக்கேன்."

நல்ல பதில். ரொம்ப நல்ல பதில். முன்கூட்டியே வைத்திருந்த பதில் போல இருந்தது.

அன்னக்கொடியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. தாய்மார்கள் பொய் செய்வார்கள் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கப்பில் பைப் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். அதற்காகச் சுவரில் ஒரு போர்டே தொங்கியது: கலப்படம் கண்டுபிடித்தால் மறுபடி கட்டில் கிடையாது. மூன்று குடும்பத்தை அப்படி அனுப்பியும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பொய்யெல்லாம் ஒரே திசை. தெளிந்துவிட்டது என்று காட்டுகிற பொய். வெளுத்திருக்கிறது என்று காட்டுகிற தாயை ஸ்யாமளா கண்டதில்லை.

நானும் முதல் எழுத்தில் அன்னக்கொடிக்கு 'ஏழைத் தாய்' என்று இரண்டே சொல் கொடுத்து, கட்டிலுக்குக் கீழே உட்கார வைத்துவிட்டிருந்தேன். இரண்டு தடவை திருத்திய பிறகுதான், இந்தப் பொம்பளையை நான் சந்தேகிக்கவே இல்லையே என்று உறைத்தது. மரியாதையினால் இல்லை. அவளுக்கு அம்புட்டு மூளை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் நிஜம்.

5

பகல் பதினொன்றரை. அன்னக்கொடி துணி அலசப் போயிருந்தாள். ஸ்யாமளா சோலையைக் கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போய், தானே கப்பைப் பிடித்தாள்.

"ஆத்தாதேன் பிடிக்கும்," என்றது பிள்ளை.

"இன்னைக்கு நான்."

"ஆத்தா பிடிச்சா மறைவுக்குக் கொண்டு போகும்."

ஸ்யாமளா கப்பைச் சுருளியின் கைக்குக் கொடுக்காமல் நேராகக் குழாய் அறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, சுட்டாள். அமிலம் விட்டாள். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரின் தேதி குழாய் வழியாகத் தெரிந்தது.

அன்னக்கொடி திரும்பியதும், "இன்னொரு தரம் வேணும்மா, நாளைக்கு ஊசி இருக்கில்ல," என்று ஸ்யாமளா கப்பைக் கொடுத்தாள். அவளும் பிள்ளையைக் கூட்டிப்போய், கால் மணி கழித்துக் கொண்டுவந்து தந்தாள்.

"நீயும் வா," என்றாள் ஸ்யாமளா.

அன்னக்கொடியின் முன்னாலேயே சுட்டாள். வெளுத்தது. ஆனால் முப்பத்தைந்து நாளில் முதல் தடவையாக ஸ்யாமளா உத்துப் பார்த்தாள். சிறுநீரகம் ஒழுகினால் வெளுப்பு புகை மாதிரி ஒரே சீராக இறங்கும். இது அப்படி இல்லை. நடுவில் நூல் நூலாகத் திரிந்து, ஓரத்தில் சின்னதாக ஒரு துணுக்கு மிதந்தது. ஆம்லெட் ஓரம்.

(இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. முட்டை. வார்டில் பிள்ளைக்கு ஒரு வேகவைத்த முட்டை கொடுப்பார்கள். இன்னொன்று வீட்டார் பாடு. அன்னக்கொடியின் புருஷன் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் உமிக்குள் பொதிந்து நாட்டுக்கோழி முட்டை கொண்டுவருவார். மறைவில் ஒரு பொத்தல், இரண்டு சொட்டு வெள்ளைக்கரு, வேப்பங்குச்சியால் ஒரு கலக்கு.)

6

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள் ஸ்யாமளா.

"நீங்கதேன்."

"நானா?"

"செவ்வாக்கெழம தாய்மாரு கூட்டத்துல சொன்னீகல்ல. முட்டையில இருக்க வெள்ள மாதிரி ஒரு சத்து இந்தப் பிள்ளைக மூத்திரத்துல போகுது, சுட்டா முட்ட வேகுற மாதிரி வெளுக்கும்னு. விளங்குற மாதிரிச் சொன்னீக. எனக்கு விளங்கிருச்சு."

பயிற்சியில் ஒரு பாகம் அது. தாய்மாருக்கு எளிமையாகச் சொல்லிக் கொடுத்ததற்காகச் சீஃப் அவளைப் பாராட்டியிருக்கிறார்.

"எல்லாரும் தெளியணும்னு கும்பிடறா. நீ எதுக்கும்மா வெளுக்க வைக்கிறே?"

அன்னக்கொடி முந்தானையில் கையைத் துடைத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. "தெளிஞ்சா என்ன செய்வீக, நீங்க சொல்லுங்க."

"தெளிஞ்ச தேதியிலேருந்து நாலு வாரம் மாத்திரை. அப்புறம் நிறுத்திடுவோம்."

"சித்திரையில நிப்பாட்டினீக. இருவதாம் நாளு மூஞ்சி ஊதிக் கண்ணு மூடிருச்சு. ஆனியில நிப்பாட்டினீக. பத்தொம்பதாம் நாளு. எழுமலையில இருந்து கொண்டாரதுக்குள்ள பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்குது. பஸ்ஸுல இருந்தவுக, எங்கயும் நிப்பாட்டாம விடுப்பான்னு டிரைவர் கிட்டச் சத்தம் போட்டாக. வெளுத்திருந்தா மாத்திரை குடுக்கீக. தெளிஞ்சா பிடுங்கிக்கிறீக. அப்ப நான் எத வேண்டுவேன்?"

ஏன் நாலு வாரம், ஏன் எட்டு இல்லை என்று ஒரு வருஷப் பயிற்சியில் ஸ்யாமளா ஒருநாளும் கேட்டதில்லை. புத்தகத்தில் இருந்தது. சீஃப் சொன்னார். நோட்டில் எழுதினாள். துணி அலசிவிட்டு ஈரக்கையோடு வந்து ஒருத்தி கேட்கிறாள்.

"அதிக நாள் குடுத்தா எலும்பு மெலியும். வளர்த்தி நின்னுடும்."

"குட்டையா இருந்துட்டுப் போறா தாயி. இருந்தாப் போதும்."

"நாளைக்கு இவ முதுகுல ஊசி விட்டு, சிறுநீரகத்துலேருந்து சதை எடுக்கப் போறோம். தெரியுமா உனக்கு? உன்னோட இந்த முட்டையாலே."

முதல் தடவையாக அன்னக்கொடியின் முகம் மாறியது. "சதையா? முதுகுல ஒரு ஊசின்னீகளே."

"கைநாட்டு வெச்சியே."

"ஊசிக்கு வச்சேன். சத்து ஊசின்னு நெனச்சேன். சதைன்னு நீங்க சொல்லலையே."

சொல்லவில்லை. பயந்துவிடுவாளே என்று, முதுகில் ஒரு ஊசி என்றுதான் ஸ்யாமளா சொல்லியிருந்தாள். அதையும் எளிமையாக.

ஸ்யாமளா ஸ்பிரிட் விளக்கை அணைத்தாள்.

"இனிமே கலக்கல," என்றாள் அன்னக்கொடி. "மாத்திரைய மட்டும் நிப்பாட்டாதீக."

7

ஊசி நின்றுவிட்டது. நானாக இருந்தால் இங்கே 'முற்றும்' போட்டிருப்பேன். ஆனால் ஊசியை நிறுத்த ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டம் இருக்கிறது: தெளிந்த தேதி. அந்தத் தேதியிலிருந்து நாலு வாரம் எண்ணி மருந்தறை மாத்திரையை நிறுத்தும். நாலு மணிக்குச் சீஃப் கையெழுத்துப் போட வருவார்.

எடை நோட்டை நம்பினால், ஆகஸ்டு 1. நாலு வாரம் என்றால் 29. இன்னும் ஐந்தே நாள் மாத்திரை. ஏன் இத்தனை நாள் வெளுத்தது என்று சீஃப் கேட்பார். முட்டையைச் சொல்ல வேண்டும். சுவர் போர்டு இருக்கிறது. சோலைக்கு மறுபடி கட்டில் கிடையாது.

இன்றைய தேதி போட்டால், ஆகஸ்டு 24. செப்டம்பர் 21 வரை மாத்திரை. கேள்வியே வராது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: குளியலறை ஜன்னலுக்கு வெளியே முட்டை ஓட்டோடு பட்டாபிராமன் பிடிபடுகி

(வேண்டாம். பத்திரிகைக்கு இது போதும். உங்களுக்குப் போதாது.)

இரண்டாம் முடிவு: உண்மை. ஸ்யாமளா ஆகஸ்டு 1 என்று எழுதி, எல்லாவற்றையும் சொல்கிறாள். சீஃப் கேட்டுக்கொண்டு, நேர்மையைப் பாராட்டுகிறார். சீட்டு அவளுக்கே கிடைக்கிறது. அன்னக்கொடி மூட்டையைக் கட்டுகிறாள். மாத்திரை நின்ற இருபதாம் நாள் காலையில், எழுமலையில், சோலை கண்ணைத் திறக்க

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நான்கு தடவை முயன்று பார்த்தேன்.)

மூன்றாம் முடிவு: இன்றைய தேதி. "அட, அஞ்சு வாரம் கழிச்சும் தெளியறதே," என்று சீஃப் ஆச்சரியப்பட்டு அதைக் கட்டுரையில் சேர்க்கிறார். அடுத்து வரும் பயிற்சி டாக்டர்கள் அதைப் படிக்கிறார்கள். மறுவருஷம் நாலாம் கட்டிலில் நிஜமாகவே மாத்திரைக்குக் கேட்காத ஒரு பிள்ளை. 'பொறுங்கள், பதினொன்று அஞ்சு வாரத்தில் தெளிந்ததே' என்று ஊசியைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆறாம் வாரம், ஏழாம் வாரம், அந்தப் பிள்ளையின்

(இதுவும் நின்றுவிட்டது.)

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மையையும் சொல்லி, மாத்திரையையும் நீட்டிக் கேட்டால் என்ன? நானும் சுருளியிடம் அதைத்தான் கேட்டேன்.

"கேக்கலாம்ணே. யாரு வேணாம்னா? ஆனா ரூலு போட்டவருகிட்டயே போயி, ஒங்க ரூலு தப்புன்னு சொல்லணும். சொல்ற ஆளு சீட்டுக்குக் காத்துக்கிட்டிருக்க ஆளு. சரி, ஆதாரம் எங்கம்பாரு. யாரக் காட்டும் இந்த அம்மா? முட்ட கலக்குன பொம்பளையவா?"

8

நாலு மணி. சீஃப் பதினோராம் கட்டிலுக்கு வந்தார். பட்டாபிராமன் எடை நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நின்றான். இதுவரை அவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தன்மையா, இல்லை, அவள் தப்பான தேதி எழுதட்டும் என்று காத்திருக்கிறானா? அவன் நோட்டு இருக்கும் வரை இன்றைய தேதி என்பது எந்தப் புதன்கிழமையும் வெடிக்கக் கூடியது. ஸ்யாமளா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தான்.

அவள் பகலில் தானே பிடித்துச் சுட்ட முதல் குழாயை நீட்டினாள். சீஃப் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெளிஞ்சுடுத்தே. பேஷ். ஊசி வேண்டாம்." வியாழக்கிழமைப் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எப்போ தெளிஞ்சது?"

ஸ்யாமளா பேனாவைத் திறந்தாள்.

"அப்புறம்?" என்றேன் நான்.

"அப்பப் பாத்து வெந்நி எடுத்தாரச் சொல்லிட்டாக அண்ணே. திரும்பி வாரதுக்குள்ள படிவத்த மூடியாச்சு."

"பிள்ளை அஞ்சு நாள்ல வீட்டுக்குப் போச்சா, நாலு வாரம் மாத்திரை சாப்பிட்டுச்சா? அதாவது தெரியுமா?"

"மக்காநாளே என்னைய பெரியாளுக வார்டுக்கு மாத்திப்புட்டாக."

"ஏன்?"

சுருளி டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "அதெல்லாம் ஆபீஸ் வெவகாரம். உசிலம்பட்டி வண்டி வந்துருச்சு, வாரேன்ணே."

போய்விட்டார். முப்பத்தைந்து நாளும் அந்தக் கப்பை வாங்கிய கை அது. அதற்கு ஒன்றும் தெரியாது என்று நான் நம்பவில்லை. அவர் ஏன் இந்தக் கதையை என்னிடம் கொண்டுவந்து கொட்டினார் என்பதும் எனக்குப் புரியவில்லை. ஒருவேளை அவருக்கும் அந்த வாக்கியம் முடியாமல் கிடந்திருக்கலாம்.

எந்தத் தேதி என்று நான் எழுதப் போவதில்லை. தெரிந்து மறைக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பேனா உங்களிடம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டிலின் கால்மாட்டில் அன்னக்கொடி நிற்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கீக தாயி?" என்று கேட்கப் போகிறாள். நீங்கள் எழுதியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒரு பக்கம் சீஃப், ஒரு பக்கம் எடை நோட்டு, இரண்டுக்கும் கேட்கும்படி. இந்தத் தடவை எளிமையாக்காமல்.

கட்டில்: 11
பெயர்: சோலை
வயது: 6
எடை: 16 கிலோ
தெளிந்த தேதி: